நிற்கிற கால்களுக்கு ஒரு சட்டம்

ஜவுளிக்கடையில் நமக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. "வாங்கம்மா, உக்காருங்க, என்ன பாக்கீங்க?" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும். சில கடைகளில் பெரியவர்களுக்குக் காபி கூட உண்டு. உட்கார்ந்த இடத்திலேயே ஐம்பது சேலையை விரிக்கச் சொல்லி, நாற்பத்தொன்பதை ஒதுக்கிவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். அந்த ஐம்பதையும் விரித்து, தோளில் போட்டுக் காட்டி, மறுபடி மடிப்புக் கலையாமல் அடுக்குகிறாளே ஒரு பெண், அவள் காலையிலிருந்து எத்தனை மணி நேரமாக நிற்கிறாள்? அவளுக்கு உட்கார ஓர் இடம் உண்டா?

'இதென்ன பெரிய விஷயமா?' என்று தோன்றலாம். பெரிய விஷயம்தான் சகோதரிகளே! இந்த ஒரு நாற்காலிக்காக மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். அதன் பலனாக அங்கே 2018-லும், நம் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டமே வந்துவிட்டது. கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை கொடுப்பது இன்று முதலாளியின் தயவு அல்ல, அவருடைய கடமை. ஆனால் எங்கள் தென்காசியில் நான் பேசிப் பார்த்த பெண்களில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நம் வீடுகளிலும் கடைக்கு வேலைக்குப் போகிற மகளோ, மருமகளோ, தங்கையோ இருப்பார்கள் அல்லவா?

காலை ஏறினால் ராத்திரிதான் இறக்கம்

தென்காசி 2019-லிருந்து தனி மாவட்டம். ஊர் பெரிதாகிவிட்டது, கடைகளும் பெரிதாகிவிட்டன. குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் ஆரியங்காவு வழியாக மலையாளத்துக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அருவியில் குளித்த கையோடு தென்காசிக்கு வந்து துணிமணி எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், தீபாவளி. இத்தனை கூட்டத்துக்கும் துணி எடுத்துப் போடுவது யார்? பாவூர்சத்திரம், சுரண்டை, ஆய்க்குடி, இலஞ்சி, மேலகரம் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள்தான். இவர்களுடைய அம்மாமார் பலர் வீட்டில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர்கள். அவர்களுக்கு உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போயிற்று. மகள்களுக்கு நின்று நின்றே கால் போகிறது. என்ன சொல்ல!

எங்கள் தெருவுக்கு வாழ வந்த பெண் ஒருத்தி தென்காசியில் ஒரு கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். பி.ஏ. படித்தவள். வயிற்றில் ஐந்து மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னதை அவள் வாயாலேயே கேளுங்கள்:

"அத்தை, காலைல ஒன்பதரைக்கு ஏறி நின்னா ராத்திரி ஒன்பதுக்குத்தான் இறங்கணும். மத்தியானம் அரை மணி நேரம் சாப்பாடு. ஆளே இல்லாத நேரத்துலயும் உக்காரக் கூடாது. அடுக்குன சேலையவே திரும்ப எடுத்து அடுக்கிட்டு இருக்கணும். கொஞ்சம் சாஞ்சு நின்னாலும் மேல கேமராவுல பாத்துட்டு, 'அந்த மூணாவது கவுண்டர் பிள்ளை என்ன தூங்குதா?'ன்னு போன் வந்துரும். பாத்ரூம் மாடியில இருக்கு. போகணும்னா சூப்பர்வைசர் அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டுப் போகணும். ஆம்பளை ஆளுகிட்ட எத்தனை தடவை போய்க் கேக்கது? அதனால தண்ணியே குடிக்கது இல்ல."

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? ஐந்து மாதக் கர்ப்பிணி தண்ணீர் குடிப்பதில்லை, கேட்க வெட்கமாக இருப்பதால்.

குற்றாலத்திலும் கதை வேறு மாதிரி இல்லை. சீசனில் சிப்ஸ் கடை, பழக்கடை, துண்டுக்கடைகளில் பெண்கள் விடியற்காலையிலேயே வந்து நிற்கிறார்கள். சாரலில் தரை எப்போதும் ஈரம். அவசரம் என்றால் கட்டணக் கழிப்பறை. ஒவ்வொரு தடவையும் காசு. கூலியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும் என்று அடக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

நின்றுகொண்டே இருந்தால் உடம்பு என்ன ஆகும்?

காலில் இறங்கிய ரத்தம் மறுபடி மேலே நெஞ்சுக்கு ஏற வேண்டும். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது போல் இதற்கும் ஓர் இறைப்பு வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து அந்த வேலையைச் செய்கிறது. ரத்தம் திரும்பக் கீழே வழிந்துவிடாமல் தடுக்க நரம்புக் குழாய்களுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. நடக்காமல் ஒரே இடத்தில் நின்றால் இறைப்பு நின்றுவிடுகிறது. ரத்தம் காலிலேயே தேங்குகிறது. வருஷக்கணக்கில் இப்படி ஆனால் அந்தக் கதவுகள் தளர்ந்துபோய், நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு தெரியும். 'நரம்பு முடிச்சு' என்கிறோமே, அதுதான். முதலில் கால் கனக்கும், சாயங்காலம் கணுக்கால் வீங்கும், ராத்திரி குரக்களி இழுக்கும். கவனிக்காமல் விட்டால் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, ஆறாத புண் வரை கொண்டுபோய் விடும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இந்தத் தொல்லை இன்னும் சீக்கிரம் வரும். உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுகிறது. வளர்கிற கர்ப்பப்பை இடுப்பு நரம்புகளை அழுத்துகிறது.

சிறுநீரை அடக்குவதும், தண்ணீரைக் குறைப்பதும் வேறொரு வினை. பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு. கிருமி எளிதில் உள்ளே ஏறிவிடும். அடிக்கடி எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்றில் வலி என்று ஆரம்பித்துச் சிறுநீரகம் வரை போகலாம். கர்ப்ப காலத்தில் இந்தத் தொற்று குறைப்பிரசவத்துக்குக் கூடக் காரணமாகலாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் துணி மாற்ற இடமில்லாமல் நிற்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆணும் பெண்ணும் கடையில் சேர்ந்துதான் நிற்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஆண் அவசரத்துக்கு ஒரு சந்துக்குப் போய்வந்து விடுகிறான். டீ குடிக்க வெளியே போகிறான். பெண்ணால் அது முடியாது. ஆகவே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி விதி என்று சொல்லிக்கொண்டாலும் அதன் பாரம் பெண் மேல்தான் அதிகம் விழுகிறது. பாகுபாடு என்றால் 'பெண்ணே வராதே' என்று பலகை மாட்டுவது மட்டும் இல்லை. இதுவும் பாகுபாடுதான்.

மிட்டாய்த் தெருவில் ஆரம்பித்த கூட்டு

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர்ச் சன்னதி பஜார் மாதிரி நூற்றுக்கணக்கான கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம். அங்கே தையல் வேலை பார்த்தவர் விஜி. சின்ன வயதிலேயே வேலைக்கு வந்தவர். அந்தத் தெருவில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அவசரமென்றால் பக்கத்து ஹோட்டலுக்கு ஓட வேண்டும். அவர்களும் தண்ணீர் குடிக்காமல்தான் இருந்தார்கள். அங்கேயும் அதே கதை, பார்த்தீர்களா?

விஜி மற்றப் பெண்களைக் கூட்டிச் சேர்த்து, 2010 வாக்கில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது சம்பள உயர்வு அல்ல, கழிப்பறை. அப்புறம்தான் உட்காரும் உரிமை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கூட உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அபராதம் என்பது பல கடைகளில் எழுதாத சட்டமாக இருந்தது. பெரிய தொழிற்சங்கங்கள் கடைப் பெண்களின் இந்தக் கோரிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததால், இவர்களே அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள்.

2014-ஆம் ஆண்டு முடிகிற சமயம், திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள் சிலர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 'இரிக்கல் சமரம்' என்று மலையாளத்தில் அதற்குப் பெயர், உட்காரும் போராட்டம். உட்கார விடவில்லை என்பதற்காக உட்கார்ந்தே போராடியிருக்கிறார்கள்! சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையில் பழிவாங்கப்பட்டதாகச் சொன்ன அவர்கள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அங்கேயே இருந்தார்கள். அன்றாடம் நின்று சம்பாதித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையிலுள்ள பெண்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இப்படித் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்ததில் 2018-ல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சேர்த்தது. அந்த வருஷம் பி.பி.சி. நிறுவனம் உலகம் முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்த 100 பெண்களின் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

மலை தாண்டி வர மூன்று வருஷம்

தென்மேற்குக் காற்று ஆரியங்காவு கணவாயில் நுழைந்தால் உடனே நமக்குக் குற்றாலத்தில் சாரல். சட்டம் அப்படி வரவில்லை. மலையைத் தாண்ட மூன்று வருஷம் எடுத்துக்கொண்டது. போகட்டும், வந்ததே!

2021 செப்டம்பரில் தமிழகச் சட்டசபையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் அந்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் வருஷத்திய கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. கேரளத்துக்கு அடுத்தபடியாக இப்படிச் சட்டம் செய்தது நம் மாநிலம்தான். என் கொழுந்தனார் வக்கீல் குமாஸ்தா. அவரை உட்காரவைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி கேட்டேன். சாரம் இதுதான்: ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். வேலை நேரம் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலை கூடாது.

ஆண், பெண் எல்லாருக்கும்தான் இந்தச் சட்டம். பெண்கள் கேட்டு வாங்கியது ஆண்களுக்கும் சேர்த்தே கிடைத்திருக்கிறது என்பதை ஆண்பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொன்றும் சொன்னார் கொழுந்தனார். 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று இருந்ததாம். மில்லுக்கு 1948-லேயே உண்டு. கடைக்கு 2021 வரை இல்லை. எழுபத்து மூன்று வருஷம்! இங்கிலாந்திலோ 1899-லேயே கடைப் பெண்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று. அங்கேயும் அது சும்மா வந்துவிடவில்லை. கடைச் சிப்பந்திகள் சங்கம் வைத்துப் பேசிய காலம் அது. அப்படிக் கடையில் வேலை பார்த்துச் சங்கத்தில் உழைத்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு என்ற பெண்மணிதான் பிற்பாடு, 1929-ல், அந்த நாட்டின் முதல் பெண் மந்திரிசபை உறுப்பினர் ஆனார்.

பெரிய பதவியில் இருந்தாலும் பெண் பெண்தான்

'படிக்காத, ஏழைப் பெண்களுக்குத்தானே இந்தப் பாடு?' என்று நினைத்துவிடாதீர்கள். குடகு நாட்டு வீராஜ்பேட்டையில் பிறந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர் சி.பி. முத்தம்மா. 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். பிற்பாடு ஹங்கேரி நாட்டுக்குத் தூதராகப் போனவர். அவ்வளவு பெரிய உத்தியோகத்தில் என்ன விதி இருந்தது தெரியுமா? பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இந்த விதி கிடையாது. அவர் வீட்டில் பிள்ளை அழாதா?

தமக்கு வரவேண்டிய பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளை வெகு கடுமையாகக் கண்டித்தார். அரசும் அவற்றைக் கைவிட்டது. அதற்குள் பதவி உயர்வும் வந்து சேர்ந்தது.

சம்பளத்திலும் ஒரு வழக்கு உண்டு. பம்பாயில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோகிராபராக இருந்தவர் ஆட்ரி டிகோஸ்டா. அதே சுருக்கெழுத்து, அதே டைப்பிங். ஆனால் பெண் ஸ்டெனோவுக்கு ஆண் ஸ்டெனோவைவிடக் குறைந்த சம்பளம். 1976-ல் வந்த சம ஊதியச் சட்டத்தைக் காட்டி அவர் வழக்காடினார். 'எங்களுக்குக் கட்டுப்படியாகாது' என்பது போன்ற சமாதானம் செல்லாது, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்தான் என்று 1987-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டாலும் கொள்கை அதேதான். சேலைப் பிரிவில் பெண்ணுக்கு ஒரு சம்பளம், பக்கத்தில் வேட்டிப் பிரிவில் அதே வேலை பார்க்கும் பையனுக்கு ஒரு சம்பளம் என்றால் அது முறையல்ல.

தூதர், ஸ்டெனோ, தையல்காரி. மூவரும் மூன்று திசை. ஆனால் 'இது வழக்கம்தானே' என்று எல்லாரும் சொன்னதை, 'ஏன் வழக்கம்?' என்று திருப்பிக் கேட்டதில் மூவரும் ஒன்று.

நாலு ஸ்டூல் வந்த கதை

எங்கள் தெருப் பெண்ணிடம் வருகிறேன். சட்ட விவரத்தைக் கொழுந்தனார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் அதைத் தனியாகக் கொண்டுபோய் நீட்டவில்லை. அதுதான் புத்திசாலித்தனம். கூட வேலை பார்க்கும் நாலு பேரிடம் காட்டி, ஐந்து பேருமாகச் சேர்ந்து, கடை அடைக்கும் நேரத்தில் மேனேஜரிடம் போயிருக்கிறார்கள். சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, ஆளு இல்லாத நேரம் மட்டும் உக்காந்துக்கிடுதோம். சட்டத்துலயும் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர் முதலில் சொன்னது: "நீங்க உக்காந்திருந்தா உள்ள வாறவுக என்ன நினைப்பாக? சோம்பேறிக் கடைன்னு போயிருவாக."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாங்கில் உட்கார்ந்துதான் பணம் வாங்குகிறார்கள். டாக்டர் உட்கார்ந்துதான் நாடி பார்க்கிறார். கல்லாவில் முதலாளியும் உட்கார்ந்துதான் இருக்கிறார். அவர்களை யாராவது சோம்பேறி என்கிறோமா?

பத்து நாள் கழித்து அந்த மாடிக்கு நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. இருபது பெண்களுக்கு நாலு! முதல் வாரம் யாரும் உட்காரத் துணியவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி என்று இவளைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். பிறகு முறை வைத்து ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள். சீசன் கூட்டம் வந்ததும் 'இடைஞ்சல்' என்று ஸ்டூல்கள் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன. மறுபடி ஐந்து பேரும் போய்க் கேட்டு, மறுபடி வந்தது. இப்போது ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் போல் உட்கார முடிகிறது. பாத்ரூமுக்குக் கேட்டுப் போகிற வழக்கம் இன்னும் மாறவில்லை. அதை அடுத்ததாகக் கேட்கப் போகிறார்களாம். "ராத்திரி வந்தா காலைத் தொட விடாம அழும். இப்பக் கொஞ்சம் பரவால்ல" என்று அவள் மாமியாரே என்னிடம் சொன்னாள். சட்டம் புத்தகத்தில் இருந்தால் காகிதம். நாலு பேர் சேர்ந்து கேட்டால்தான் அது ஸ்டூல்.

வேலைக்குப் போகிற பெண்கள் தெரிந்துவைத்துக்கொள்ள

1. கடைகள் சட்டப்படி சாதாரணமாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. நாலு மணி நேரம் வேலை பார்த்தால் நடுவே ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.

2. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை என்றால் பேறுகாலச் சலுகை உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. முன்பு 12 வாரமாக இருந்ததை 2017-ல் கூட்டினார்கள். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது.

3. பிரசவம் நெருங்கும் மாதங்களில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்கிற வேலையை அவளுக்குக் கொடுக்கக் கூடாது. 'நெடுநேரம் நிற்பது' என்று 1961-ஆம் வருஷத்துப் பேறுகாலச் சட்டத்திலேயே குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாம் வாயைத் திறந்து கேட்க வேண்டும்; எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

4. வேலை இடத்தில் யாராவது தவறாக நடந்தால், 2013-ஆம் வருஷச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் உள்புகார் குழு இருக்க வேண்டும். சின்னக் கடை என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் புகார் செய்யலாம். பெண்கள் உதவிக்கு 181 என்ற போன் எண் இருக்கிறது.

5. இருக்கை, ஓய்வு நேரம் பற்றிய குறைகளைத் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம். ஒருத்தியாகப் போவதைவிட நாலு பேராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது.

கால்களுக்குச் சில வார்த்தை

நிற்கும்போதே அரை மணிக்கொரு தடவை குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குங்கள், பத்துப் பதினைந்து முறை. கெண்டைச் சதை வேலை செய்தால் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். கவுண்டருக்குக் கீழே ஒரு சின்னப் பலகையோ பெட்டியோ போட்டு, ஒரு காலை மாற்றி மாற்றி அதில் வைத்துக்கொண்டால் இடுப்புக்கு இதம். வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நிற்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் படுத்து, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். அந்த நேரத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் 'காபி போடு' என்று எழுப்பாமல் இருந்தாலே பெரிய வைத்தியம்! தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தாலோ, கர்ப்பிணிக்குக் கையும் முகமும் வீங்கித் தலை வலித்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நம்மால் என்ன ஆகும்?

நாம் வீட்டில் இருப்பவர்கள். நமக்குச் சங்கம் இல்லை, கொடி இல்லை. ஆனால் பர்ஸ் நம் கையில் இருக்கிறது. கடைக்காரர் யாருக்காக அந்தப் பெண்களை நிற்க வைக்கிறார்? 'வாடிக்கையாளர் தப்பாக நினைப்பார்' என்று நம் பேரைச் சொல்லித்தானே? அப்படியானால், நாங்கள் தப்பாக நினைக்கவில்லை என்று நாம்தான் சொல்ல வேண்டும். சேலை பார்க்கும்போது, "நீயும் உக்காரும்மா, உக்காந்தே எடுத்துக் காட்டு" என்று கொஞ்சம் சத்தமாக, சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள். பில் போடும் இடத்தில், "உங்க கடையில பிள்ளைகளுக்கு ஸ்டூல் இல்லையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு வாடிக்கையாளர் கேட்டுவிட்டால் முதலாளிக்கு அது யோசனையாகிவிடும். கடை அடைக்கிற நேரத்தில் போய் நின்று அத்தனை அடுக்கையும் கலைக்காமல் இருப்பதும் ஓர் உபகாரம்தான்.

வீட்டிலும் ஒன்று உண்டு. வேலைக்குப் போகும் மகளோ மருமகளோ, "கடையில உக்கார விட மாட்டேங்காக" என்று சொன்னால், "எல்லா இடத்துலயும் அப்படித்தான், அனுசரிச்சுப் போ" என்று நாமே வாயை அடைத்துவிட வேண்டாம். "கூட இருக்கிற பிள்ளைக என்ன சொல்லுது? சேர்ந்து போய்க் கேட்டீங்களா?" என்று கேளுங்கள். 22-அ என்ற எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவள் பர்ஸில் வைத்து அனுப்புங்கள். தீபாவளி வியாபாரம் தொடங்குவதற்கு முன்னாலேயே அது அவள் கையில் இருக்கட்டும்.